முட்டினால்தான் தெரியும்: நடுவழியில் நிற்கும் ரைபோசோமை செல் மீட்கும் விதம்

"மிஸ், அது நின்னுடுச்சா, இல்ல மெதுவா போகுதான்னு செல்லுக்கு எப்படித் தெரியும்?"

தண்டையார்பேட்டையில் நான் மாலையில் எடுக்கும் ப்ளஸ் டூ டியூஷனில், காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் கேட்டது இது. புரதம் உருவாகும் படத்தை போர்டில் போட்டுவிட்டு, "சில சமயம் ரைபோசோம், அதாவது புரதத்தைக் கோக்கும் எந்திரம், நடுவழியில் மாட்டிக்கொள்ளும், செல் அதை மீட்டுவிடும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். பாடத்தில் இல்லாத வரி. அவள் அந்த வரியை விடவில்லை. அவளுடைய அப்பா துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறார். "எங்கப்பா சொல்வாரு மிஸ், எண்ணூர் ரோட்டுல ஹார்பர் ஜீரோ கேட் க்யூ நிக்கும்போது முன்னாடி இருக்கற வண்டி நகரப் போகுதா, பிரேக்டவுனான்னு பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாதாம். கிளீனர் இறங்கி நடந்துபோய்ப் பார்த்துட்டு வந்தாதான் தெரியும்."

செல்லுக்குள் இறங்கி நடந்துபோய்ப் பார்க்க யாரும் கிடையாது. எல்லாமே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு திரியும் மூலக்கூறுகள்தான். அப்படியிருக்க, நின்றதையும் மெதுவாகப் போவதையும் எது பிரித்துப் பார்க்கிறது? கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவர்கள் துரத்திய கேள்வியே இதுதான். அவளுக்கு அன்றைக்கு முழுப் பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் பாடத்தில் இருப்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். மரபணுவின் நகலாக வரும் தூது ஆர்.என்.ஏ. ஒரு நீள நாடா. ரைபோசோம் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மூன்று எழுத்தாகப் படித்தபடி நகர்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும், அதாவது ஒவ்வொரு கோடானுக்கும், பொருத்தமான கடத்து ஆர்.என்.ஏ. ஓர் அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து ரைபோசோமின் 'ஏ' தளத்தில் உட்காரும். இதுவரை கோத்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து 'பி' தளத்தில் முந்தையது இருக்கும். சங்கிலி புதியவரின் கைக்கு மாறும், ரைபோசோம் ஒரு கோடான் தள்ளி நகரும். ஈ. கோலி பாக்டீரியாவில் இது நொடிக்கு 15 முதல் 20 முறை நடக்கிறது, நம் செல்லில் சுமார் 5 முறை. கடைசியில் யூ.ஏ.ஏ., யூ.ஏ.ஜி., யூ.ஜி.ஏ. மூன்றில் ஏதோ ஒரு நிறுத்தக் கோடான் வரும். அதற்குக் கடத்து ஆர்.என்.ஏ. இல்லை. விடுவிப்புக் காரணி என்ற புரதம் வந்து உட்கார்ந்து சங்கிலியை அறுத்துவிடும். ரைபோசோம் இரண்டு துணை அலகுகளாகப் பிரிந்து அடுத்த வேலைக்குப் போகும்.

இதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ரைபோசோமுக்குத் தானாக இறங்கத் தெரியாது. நிறுத்தக் கோடானைப் பார்த்தால்தான் அதற்கு விடுதலை. சரி, அந்தக் கோடான் வருவதற்கு முன்னாலேயே நாடா அறுந்துபோயிருந்தால்?

பாக்டீரியாவில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுளே சில நிமிடங்கள்தான். ஒரு பக்கம் ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் ரைபோசோம் ஏறிப் படிக்க ஆரம்பித்துவிடும். வால்பக்கத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும் நொதிகளும் உண்டு. வால் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் ரைபோசோம் படித்துக்கொண்டே போய் அறுந்த நுனியில் நின்றுவிடும். ஏ தளத்தில் படிக்க எழுத்து எதுவும் இருக்காது. எழுத்து இல்லாததால் கடத்து ஆர்.என்.ஏ. வராது, நிறுத்தக் கோடான் இல்லாததால் விடுவிப்புக் காரணியும் வராது. பாதிச் சங்கிலியைத் தொங்கவிட்டபடி அப்படியே நிற்கும்.

ஒரு ரைபோசோம் போனால் போகட்டும் என்று விட முடியாது. பாக்டீரியா ரைபோசோம் ஒன்றுக்குள் மூன்று ஆர்.என்.ஏ.க்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் இருக்கின்றன. வேகமாக வளரும் ஈ. கோலியின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு ரைபோசோம்தான். அந்த செல் தன் உழைப்பில் பெரும்பகுதியை இந்த எந்திரத்தைக் கட்டவே செலவிடுகிறது. செல் ஒருமுறை இரண்டாகப் பிரிவதற்குள் ஒவ்வொரு ரைபோசோமும் சராசரியாக ஐந்து முறை மீட்கப்பட வேண்டியிருக்கிறது என்று 2005இல் மூர், சாவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். மீட்பு இல்லையென்றால் ஒரே தலைமுறைக்குள் அத்தனையும் முடங்கிப்போகும். எப்போதாவது நடக்கும் விபத்துக்கான ஏற்பாடாக இதை நினைப்பது தவறு. மூச்சு விடுவதைப் போல அன்றாட வேலை இது.

அறுந்த நாடாவுக்குப் பதில் நாடா

பாக்டீரியா கண்ட தீர்வை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்க வேறெதிலும் மனம் செல்லவில்லை.

1995இல் எலியின் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தை ஈ. கோலிக்குள் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு குழு, விளைச்சலில் குறைப்புரதங்கள் கலந்திருப்பதைக் கண்டது. குறைப்புரதம் வருவது புதிதில்லை. ஆனால் அவற்றின் வாலில் ஒரே மாதிரியான ஒரு சிறு துண்டு ஒட்டியிருந்தது. அந்தத் துண்டு எலியின் மரபணுவில் எங்குமே இல்லை. தேடிப் பார்த்தபோது, அது ஈ. கோலியின் ஒரு சிறிய ஆர்.என்.ஏ.வுக்குள் எழுதப்பட்டிருந்தது. அந்த ஆர்.என்.ஏ. இருப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அது எதற்காக என்பதுதான் தெரியாமல் இருந்தது. அடுத்த ஆண்டே, 1996இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்த கெய்லர், வாலர், சாவர் மூவரும் அந்தப் புதிரைப் பிரித்துக் காட்டினார்கள்.

அந்த ஆர்.என்.ஏ.வுக்கு இன்று டிஎம்ஆர்என்ஏ என்று பெயர். கடத்து ஆர்.என்.ஏ., தூது ஆர்.என்.ஏ. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால் வந்த பெயர். ஈ. கோலியில் அதன் நீளம் 363 எழுத்து. அதன் ஒரு முனை கடத்து ஆர்.என்.ஏ. போலவே மடங்கி, அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்திருக்கும். நடுவில் ஒரு குட்டி நாடா இருக்கும், அதன் முடிவில் நிறுத்தக் கோடானும் இருக்கும். ரைபோசோம் அறுந்த நுனியில் நிற்கும்போது இது ஏ தளத்தில் வந்து உட்காருகிறது. தன் அலனினைக் கொடுத்து, தொங்கும் சங்கிலியை வாங்கிக்கொள்கிறது. அப்புறம் பழைய நாடாவை நழுவவிட்டு, தன் குட்டி நாடாவை ரைபோசோமுக்குள் நுழைக்கிறது. ரைபோசோமும் ஒன்றும் நடக்காதது போலப் புதிய நாடாவைப் படிக்கத் தொடங்கிவிடும். பத்து அமினோ அமிலம் கோத்ததும் நிறுத்தக் கோடான் வந்துவிடும். விடுவிப்புக் காரணி வரும், ரைபோசோம் முறைப்படி இறங்கிப் போகும்.

அந்தப் பத்தோடு முதலில் கொடுத்த அலனினையும் சேர்த்தால் பதினொன்று: அலனின், அலனின், அஸ்பராஜின், அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், அஸ்பராஜின், டைரோசின், அலனின், லூசின், அலனின், அலனின். ஈ. கோலியில் இது ஒரு முத்திரை. இந்த வால் உள்ள புரதத்தைக் கண்டால் கிளிப்எக்ஸ்பி போன்ற நொதிகள் பிடித்து இழுத்து, மடிப்பைப் பிரித்து, துண்டுதுண்டாக நறுக்கிவிடும். பாதியில் நின்ற புரதம் செல்லுக்குள் அலைந்தால் கெடுதல் செய்யலாம் என்பதால் அதற்கு மன்னிப்பே கிடையாது. அறுந்த நாடாவையும் நொதிகள் தின்றுவிடும். ரைபோசோம் மட்டும்தான் பிழைக்கும். செல் எதைக் காப்பாற்றுகிறது, எதைத் தூக்கிப் போடுகிறது என்று பாருங்கள். எந்திரத்துக்குத்தான் மதிப்பு, அது அரைகுறையாகச் செய்த சரக்குக்கு இல்லை.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ரைபோசோமுக்குள் டிஎம்ஆர்என்ஏ ஏன் நுழைவதில்லை? நுழைந்தால் எல்லாப் புரதத்துக்கும் குப்பை முத்திரை விழுமே? இங்கே வேலை செய்வது எஸ்எம்பிபி என்ற சிறிய துணைப் புரதம். டிஎம்ஆர்என்ஏ எப்போதும் இதோடு சேர்ந்துதான் வரும். இந்தப் புரதத்துக்கு ஒரு வால் உண்டு. ரைபோசோமில் நாடா ஓடும் கால்வாய் ஏ தளத்துக்கு அப்பால் காலியாக இருந்தால்தான் அந்த வால் உள்ளே போய்ப் பொருந்தும். நாடா ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடம் அடைபட்டிருக்கும், வால் நுழையாது, வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். படிக்க எழுத்து இல்லை என்ற வெறுமைதான் அடையாளம். 2012இல் இந்தக் காட்சியை அணு அளவில் படம்பிடித்துக் காட்டியவர்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருவர். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்தான்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போனால்? டிஎம்ஆர்என்ஏவை நீக்கினாலும் ஈ. கோலி சாவதில்லை. அதற்குக் காரணம் ஆர்ஃப்ஏ என்ற மாற்று ஆள் என்று 2010இல் தெரிந்தது. நிறுத்தக் கோடான் இல்லாத இடத்துக்கும் விடுவிப்புக் காரணி ஒன்றை அழைத்து வந்து சங்கிலியை அறுக்க வைப்பதுதான் ஆர்ஃப்ஏவின் வேலை. இரண்டையும் சேர்த்து நீக்கினால் செல் செத்துவிடும். ஆர்ஃப்ஏ எப்போது தலைகாட்ட வேண்டும் என்பதை செல் முடிவுசெய்யும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர்ஃப்ஏவின் தூது ஆர்.என்.ஏ.வே நிறுத்தக் கோடானுக்கு முன்னால் வெட்டுப்படும்படி அமைந்திருக்கிறது. ஆக, ஆர்ஃப்ஏவைத் தயாரிக்கும் ஒவ்வொரு ரைபோசோமும் அறுந்த நுனியில்தான் போய் நிற்கும். டிஎம்ஆர்என்ஏ நன்றாக இருந்தால் அது வந்து, பாதி ஆர்ஃப்ஏவுக்குக் குப்பை முத்திரை குத்தி அழித்துவிடும். டிஎம்ஆர்என்ஏ படுத்துவிட்டால் முத்திரை விழாது, ஆர்ஃப்ஏ தங்கிவிடும், வேலையை எடுத்துக்கொள்ளும். நுனி குறைந்தாலும் அந்தப் புரதம் வேலை செய்யும். முதல் ஆள் வரவில்லை என்று யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வராததே மாற்று ஆளை உண்டாக்கிவிடுகிறது.

ஒட்டேரியும் ஒரு மாத்திரைப் பெட்டியும்

வட சென்னையில் இருந்துகொண்டு பாக்டீரியா ரைபோசோமைப் பற்றிப் பேசினால் காசநோயைத் தொடாமல் போக முடியாது. ஒட்டேரி டி.பி. ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போய்வந்த யாராவது ஒருவர் எங்கள் பக்கம் அநேகமாக எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். காசநோய்க்கு முதலில் கிடைத்த நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினே ரைபோசோமைத் தாக்கும் மருந்துதான். அது சிறிய துணை அலகில் ஒட்டிக்கொண்டு எழுத்தைத் தப்பாகப் படிக்க வைக்கும். ரைபோசோம் மீட்பையே முடக்கினால் பாக்டீரியாவைக் கொல்லலாமே என்ற யோசனை பிறகு வந்தது. நம் செல்லின் உயிர்க்கூழில் டிஎம்ஆர்என்ஏ கிடையாது என்பதால் கவர்ச்சியான யோசனைதான்.

2011இல் ஒரு பரபரப்பு. ஆறு மாத காசநோய் சிகிச்சையில் முக்கியமான பைரசினமைடு இந்த மீட்பைத்தான் தடுக்கிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. வகுப்பில் சொல்ல அருமையான கதை. ஆனால் பின்னால் வந்த சோதனைகள் அதற்குக் கைகொடுக்கவில்லை. இன்று அந்த மருந்தின் இலக்காகப் பெரும்பாலும் பேசப்படுவது கோஎன்சைம் ஏ தயாரிப்பில் வரும் பேன்டி என்ற நொதி. பழைய கதை இன்னமும் சில குறிப்புகளில் உலவுகிறது. மாணவர்கள் அதை அப்படியே எழுதிவிட வேண்டாம்.

அதே சமயம், மீட்பைத் தடுக்கும் மருந்துத் தேடல் நிற்கவில்லை. கெய்லர் குழு 2013இல் கே.கே.எல்-35 என்ற மூலக்கூறை வெளியிட்டது. அந்த வழியில் வந்த எம்.பி.எக்ஸ்-4132, பல மருந்துகளுக்கு மசியாத, கொனேரியா என்ற பால்வினை நோயின் கிருமி தொற்றிய எலிகளில் பெரும்பாலானவற்றை, வாய்வழியே கொடுத்த ஒரே வேளை மருந்தில் குணப்படுத்தியதாக 2021இல் ஆய்வு வெளியானது. கொனேரியா கிருமிக்கு டிஎம்ஆர்என்ஏ இல்லாமல் வாழ முடியாது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணனுக்கு மருந்துக்கு மசியாத காசநோய் வந்தது. மாத்திரைப் பெட்டியை என்னிடம் காட்டி எது எதற்கு என்று கேட்டார். அதில் ஒன்று லைனசோலிட். பாக்டீரியா ரைபோசோமின் பெரிய துணை அலகில், சங்கிலி கைமாறும் இடத்திலேயே போய் உட்காரும் மருந்து. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. சங்கிலியின் கடைசிக்கு முந்தைய இடத்தில் அலனின் இருக்கும்போது அதன் பிடி மிக வலுவாக இருக்கும். சில மாதம் கழித்து அண்ணன் இரண்டு பாதமும் எரிகிறது, ஊசி குத்துவது போல இருக்கிறது என்றார். உடனே டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.

எரிச்சலுக்குக் காரணம் நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தவை. அவற்றுக்குச் சொந்த ரைபோசோம் உண்டு, அது பாக்டீரியாவினுடையதைப் போன்றது. அங்கே தயாராவது 13 புரதங்கள்தான், ஆனால் அத்தனையும் செல்லுக்கு ஆற்றல் எடுக்கும் எந்திரத்தின் பாகங்கள். லைனசோலிட் அந்த ரைபோசோமையும் பிடித்துக்கொள்கிறது. நீண்ட காலம் எடுத்தால் கால் நரம்பும் சிலருக்குக் கண் நரம்பும் பாதிக்கப்படும். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியாவில் நின்றுபோன ரைபோசோமை மீட்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் பிழையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி 2010இல் தெரியவந்தது. அவர்களுக்கும் கண் நரம்பு நலிவதும் கை கால் நரம்பு பாதிப்பதும் உண்டு. மருந்து ரைபோசோமை நிறுத்தினாலும், நின்றதை எடுக்க ஆள் இல்லாமல் போனாலும், அடி விழுவது ஒரே இடத்தில்.

நம் செல்லில்: பின்னால் வருபவர் முட்டும்போது

மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, நம் செல்லின் உயிர்க்கூழில் நிலைமை வேறு. இங்கே தூது ஆர்.என்.ஏ. மணிக்கணக்கில் வாழும். தலையில் தொப்பியும் வாலில் ஏ எழுத்துகளின் நீண்ட தொடரும் இருக்கும். இரண்டையும் பார்த்துத்தான் ரைபோசோம் ஏறும். அதனால் அறுந்த நுனி சற்று அரிது. மாட்டிக்கொள்ள வேறு வழிகள் இருக்கின்றன. நிறுத்தக் கோடான் இல்லாத நாடாவில் ரைபோசோம் ஏ வாலுக்குள்ளேயே ஓடிவிடும். ஏ.ஏ.ஏ. என்பது லைசினுக்கான கோடான். லைசின் நேர்மின் சுமை உள்ளது, புரதம் வெளியேறும் சுரங்கமோ எதிர்மின் சுமை உள்ள ஆர்.என்.ஏ.வால் ஆனது. லைசின் சேரச் சேரச் சங்கிலி சுரங்கத்துக்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரோ வேதிப்பொருளோ நாடாவின் ஒரு எழுத்தைச் சிதைத்தாலும் நிற்கும். கடத்து ஆர்.என்.ஏ. போதாமல் போனாலும் நிற்கும்.

இங்கே நாடா முன்னாலும் நீண்டு கிடக்கிறது. கால்வாய் காலியாக இல்லை. வெறுமையை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது ஜீரோ கேட் கேள்வி முழு வேகத்தில் வந்து நிற்கிறது: நின்றதா, மெதுவாகப் போகிறதா?

பதில் பின்னால் வரும் வண்டியிடம் இருக்கிறது. ஒரே நாடாவில் பல ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முன்னது சற்றுத் தயங்கினால் பின்னது நெருங்குவதற்குள் அது மறுபடி நகர்ந்துவிடும், ஒன்றும் ஆகாது. உண்மையிலேயே நின்றுவிட்டால் பின்னது வந்து முட்டும். முட்டிய இரண்டும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு சிறிய துணை அலகுகளும் சேரும் அந்த மூலை, தனி ரைபோசோமில் எங்குமே கிடையாது. நம் செல்லில் இசட்.என்.எஃப்.598 என்ற புரதம் அந்த மூலையை அடையாளம் காண்கிறது. ஈஸ்ட்டில் அதன் உறவு ஹெல்2 என்ற புரதம். அது அங்கே உள்ள ரைபோசோம் புரதங்களில் யுபிக்விட்டின் என்ற குறியை ஒட்டும். குறியைக் கண்டு வரும் இன்னொரு கூட்டணி முன்னால் நின்ற ரைபோசோமை இரண்டாகப் பிரித்துப்போடும். பின்னால் இருந்தது தொடர்ந்து ஓட வழி கிடைக்கும்.

முட்டல்தான் அடையாளம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? 2017, 2018 ஆண்டுகளில் வெளியான சோதனைகளை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரைபோசோமை நிறுத்தும் மருந்தை செல்லுக்கு அதிக அளவில் கொடுத்தார்கள். அத்தனை ரைபோசோமும் இருந்த இடத்திலேயே நின்றன. எச்சரிக்கை மணி பெரிதாக அடிக்கவில்லை. பிறகு அதே மருந்தை நடுத்தர அளவில் கொடுத்தார்கள். சில நின்றன, சில ஓடின. ஓடியவை நின்றவற்றின் மேல் முட்டின. இப்போது யுபிக்விட்டின் குறி குவிந்தது. நின்ற ரைபோசோம்களின் எண்ணிக்கை முதல் சோதனையில்தான் அதிகம், ஆனால் செல் பதறியது இரண்டாவதில். பந்த் நாளில் எண்ணூர் ரோட்டில் அத்தனை லாரியும் ஓரமாக நின்றாலும் ஒன்றும் முட்டாது. பாதி நின்று பாதி ஓடும் நாளில்தான் முட்டும்.

இந்த முறையில் உள்ள அழகு என்னவென்றால், எத்தனை நொடி நின்றால் நின்றதாகக் கணக்கு என்று செல் எங்கும் எழுதி வைக்கத் தேவையில்லை. போக்குவரத்தே அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது. சில தயக்கங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்பதால் இது முக்கியம். புரோலின் வரிசையாக வந்தால் ரைபோசோம் திணறும், அதைத் தாண்ட வைக்கத் தனிக் காரணி ஒன்று இருக்கிறது. ஈ. கோலியில் செக்எம் என்ற புரதம் தானே ரைபோசோமை நிறுத்தி, புரதம் வெளியேற்றும் வேலை சரியாக நடக்கிறதா என்று அளந்து பார்க்கும். தயங்கிய எல்லோரையும் பிரித்துப்போட்டால் செல்லின் வேலை கெட்டுவிடும்.

பாக்டீரியாவும் முட்டலைக் கவனிக்கிறது என்று 2022இல் தெரிந்தது. ஈ. கோலியில் எஸ்எம்ஆர்பி என்ற நொதி முட்டிய ரைபோசோம்களைக் கண்டு அங்கேயே நாடாவை வெட்டிவிடும். வெட்டியதும் பின்னால் வரும் ரைபோசோமுக்கு அது அறுந்த நுனி ஆகிவிடும். அப்புறம் டிஎம்ஆர்என்ஏ பார்த்துக்கொள்ளும்.

நம் செல்லில் ரைபோசோமைப் பிரித்தவுடன் கதை முடிவதில்லை. பெரிய துணை அலகில் பாதிச் சங்கிலி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். நெம்ஃப் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும், லிஸ்டெரின் வந்து சங்கிலிக்கு யுபிக்விட்டின் குறி ஒட்டும், பி97 என்ற எந்திரம் இழுத்து வெளியே எடுக்கும், புரோட்டியசோம் நறுக்கிவிடும். குறி ஒட்டத் தோதான இடம் சுரங்கத்துக்குள் மறைந்திருந்தால்? 2015இல் ஈஸ்ட்டில் பார்த்தது பலரை அசத்தியது. நெம்ஃபின் ஈஸ்ட் உறவினரான ஆர்க்யூசி2, தூது ஆர்.என்.ஏ.வே இல்லாமல், சிறிய துணை அலகும் இல்லாமல், அலனினையும் திரியோனினையும் சங்கிலியோடு கோத்துக்கொண்டே போகிறது. சங்கிலி நீண்டு மறைந்திருந்த பகுதி வெளியே வரும். நாடாவில் எழுதாததை ரைபோசோமில் கோக்கவே முடியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்தோம், படிப்பித்தோம்.

இந்த வேலை தடைபட்டால் முதலில் துன்பப்படுவது நரம்பு செல்கள். லிஸ்டெரினில் பிழையுள்ள எலிகளுக்கு நரம்பு நலிவு வருவதாக 2009இல் கண்டார்கள். 2014இல் சூசன் அக்கர்மன் குழு சொன்னது இன்னும் நுட்பமானது. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பி6ஜே எலி வகைக்கு மூளையில் வேலை செய்யும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ.வில் பிழை இருக்கிறது. ஆர்ஜினினின் ஒரு கோடானில் ரைபோசோம்கள் தேங்கும். ஆனாலும் அந்த எலிகள் நன்றாகத்தான் வாழ்கின்றன, தேங்கியவற்றை எடுத்துவிட ஜிடிபிபிபி2 என்ற புரதம் இருப்பதால். அதையும் இழந்த எலிகளுக்கு மூளை செல்கள் சாகத் தொடங்கின. ஒரு பிழை பல தலைமுறையாக யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது, மீட்பு நடந்துகொண்டிருந்த வரைக்கும்.

முட்டல்கள் மிகுந்துபோனால் செல் இன்னொரு முடிவும் எடுக்கும். ஸாக் என்ற நொதி விழித்துக்கொண்டு, அழற்சிக்கும் தேவைப்பட்டால் செல்லின் சாவுக்கும் கட்டளை அனுப்பும். வெயிலில் தோல் சிவந்து எரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று 2024இல் வந்த ஆய்வு காட்டியது. டி.என்.ஏ. சேதத்தைத்தான் இதுவரை காரணமாகச் சொல்லிவந்தோம். அதற்கு முன்பே, சிதைந்த தூது ஆர்.என்.ஏ.வில் ரைபோசோம்கள் முட்டிக்கொண்டதும் எரிச்சல் தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் அடுத்த வாரம் அவளிடம் சொன்னேன். நோட்டில் இரண்டு ரைபோசோம்களை முட்டியபடி வரைந்து, சேரும் மூலையில் சிவப்புப் பேனாவால் 598 என்று எழுதினாள். பேனாவை மூடாமலே அடுத்த கேள்வி: "அப்போ பின்னாடி வண்டியே வரலைன்னா மிஸ்? ஒத்தையா நின்னா?"

நாடாவின் நடுவில் ஒற்றையாக நின்றால் செல் பொறுத்திருக்கும். தொப்பி உள்ள நாடாவில் புதிய ரைபோசோம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அடுத்தது வந்து முட்டும்போது தெரிந்துவிடும். நாடாவின் அறுந்த நுனியில் நின்றால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நம் செல்லில் பெலோட்டா என்ற புரதம் இருக்கிறது. பார்க்க விடுவிப்புக் காரணி மாதிரியே இருக்கும், ஆனால் கோடானைப் படிக்காது. காலியாகக் கிடக்கும் கால்வாய்க்குள் ஒரு பகுதியை நுழைத்துப் பார்க்கும். நுழைந்தால், ஏபிசிஇ1 என்ற நொதியை வரவைத்து ரைபோசோமைப் பிரித்துவிடும். பாக்டீரியாவின் எஸ்எம்பிபிக்கும் இதற்கும் அமைப்பில் எந்தச் சொந்தமும் இல்லை. இரண்டும் தனித்தனியாகத் தோன்றி, ஒரே காலி இடத்துக்குள் கை விட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டவை.

அவள் நோட்டில் இன்னொரு ரைபோசோமைத் தனியாக வரைந்தாள். முன்னால் நாடா இல்லை, பின்னால் யாரும் இல்லை. பக்கத்தில் பெலோட்டா என்று எழுதினாள்.